கார்களுக்கு முன்னால் வந்தவள்

மாத்தளை டவுனில் பெரிய தெருவின் ஒரு பக்கம் முழுக்க நடைபாதை உண்டு. கடை வாசல்களுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானை மூடி, மேலே கல் பலகைகளைப் பாவியிருந்தார்கள். நடக்கிறவர்களுக்காகத்தான் அதைக் கட்டினார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அறுபதுகளின் கடைசியில், நான் வேலைக்குப் போய்வந்த காலத்தில், அதில் நடக்கிற மனிதர்களை விட நிற்கிற கார்கள்தான் அதிகம். சந்து வாய்களில் நடைபாதை சரிவாக இறங்கும். வாடகைக்கு ஓடும் ஹயரிங் கார்க்காரர்கள் அந்தச் சரிவைப் பிடித்து ஒரு பக்கத்துச் சக்கரங்களை மேலே ஏற்றி, அப்படியே முன்னுக்கு உருட்டி வந்து நிறுத்துவார்கள். பாதி உடம்பு தெருவில், பாதி உடம்பு நடைபாதையில். ஒரு மொரிஸ் மைனர், ஒரு ஏ ஃபோர்ட்டி, எந்தக் காலத்தில் செய்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாத ஒரு கறுப்பு ஃபோர்ட், இன்னும் சில. மிச்ச இடத்தில் கடைக்காரர்கள் மிளகு மூட்டையையும் கொக்கோ மூட்டையையும் அடுக்கிவிடுவார்கள். நல்ல கால் உள்ளவர்கள் சேலையை ஒதுக்கி, வயிற்றை எக்கி, நெளிந்து போய்விடுவார்கள். எனக்கு நெளிய வராது.

குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அந்தக் காலில் முழங்கால்வரை இரும்புச் சட்டம், அதன் அடியில் கனத்த சப்பாத்து, வலது கக்கத்தில் ஒரு கட்டை. சமதரையில் விட்டால் நான் நன்றாகவே நடப்பேன், வேகமாகவும் நடப்பேன். இரத்தோட்டைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், கட்டையை வைத்துக்கொண்டு ஓடுகிறாள் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். மேடு பள்ளம்தான் எனக்கு எதிரி. இறங்குவதற்கு எதையாவது பிடிக்க வேண்டும். ஏறுவதற்கு அதைவிட உறுதியாக எதையாவது பிடிக்க வேண்டும்.

எனக்கு டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. டச்சிங் என்று சொல்வோம். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை, அதன் கீழே ஒரு கண்ணாடி. கண்ணாடி வெளிச்சத்தை வாங்கி நெகட்டிவுக்கு அடியில் அனுப்பும். ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வைத்து மறைக்க வேண்டும். கல்யாணத்துக்குக் காட்டுகிற படம் என்றால் இரட்டை வேலை. அந்த நாட்களில் எத்தனையோ மாப்பிள்ளைமார் என் பென்சிலைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்ன சொன்னார்கள் என்பது என் பொறுப்பு அல்ல.

எனக்கு அந்த வேலை என்றால் உயிர். தோட்டத்தில் என் வயதுப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது, நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிய ஆண்டுகள் உண்டு. இப்போது எனக்கென்று ஒரு மேசை இருந்தது. என் கைக்காக மனிதர்கள் காத்திருந்தார்கள். அதை இழந்தால் மறுபடியும் கல் பொறுக்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

முதலாளி கெட்டவர் இல்லை. வேலைக்கு எடுத்தபோது அவர் என் காலைப் பார்க்கவே இல்லை, நான் சீவிய பென்சிலைத்தான் பார்த்தார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். அதிலும் நியாயம் இருந்தது. காலை வெளிச்சம்தான் டச்சிங் வேலைக்குத் தோதானது, பின்னேரம் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. படம் வாங்க வருகிறவர்கள் நாவுலவிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் வருவார்கள். வில்கமுவ பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்கள் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். இந்தியாவுக்குப் போகிறவர்கள், இங்கேயே இருக்கக் குடியுரிமை மனுப் போட்டவர்கள் என்று தோட்டத்துச் சனமும் குடும்பம் குடும்பமாக வந்து படம் பிடிக்கிற காலம் அது. எட்டரைக்கு நான் மேசையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இரத்தோட்டை பஸ் எட்டு மணிக்கு முன்னரே என்னை இறக்கிவிடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு, ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். எனக்கோ ஒவ்வொரு காரும் ஒரு மலை. இரண்டு கார்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில், பின்னால் நிற்கும் காரின் பொனட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். லொறிக்கும் மாட்டு வண்டிக்கும் ஒதுங்கி நடக்க வேண்டும். எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே திரும்ப ஏற வேண்டும். ஏறி நாலு அடி வைத்தால் அடுத்த கார் நிற்கும். பொனட்டில் கை பட்டால் டிரைவர்மாருக்குப் பொறுக்காது. "பொலிஷ் போட்ட வண்டி, கைய வைக்காதீங்க" என்பார்கள். கையை வைக்காமல் எப்படி இறங்குவது என்று ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. முந்தின பஸ்ஸில் வரலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அது மரக்கறி மூட்டை ஏற்றுகிற பஸ். அதன் மிதிபலகையில் என் சப்பாத்தை வைக்கக்கூட இடம் கிடைக்காது.

ஒரு மழை நாளில் அப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். கட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், காலில் இருந்த சட்டமும் நெளிந்துவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது படத்துக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி என் சேலையிலிருந்த சேற்றைப் பார்த்தார், சுவரில் இருந்த மணிக்கூட்டையும் பார்த்தார். "ஒன் கை மாதிரி கை எனக்குக் கெடைக்காது. ஆனா இப்புடிப் பிந்திப் பிந்தி வந்தா நான் வேற ஆளத்தான் பார்க்கணும்" என்றார். வீட்டில் அப்பா வளைந்த சட்டத்தைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். "விழுந்து எழும்பி ஒரு சம்பளம் வேணாம் புள்ள. இன்னொரு தரம் விழுந்தா போக வேணாம்" என்றார். இரண்டு பேரும் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் மொரிஸ் மைனருக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காரை ஓட்டியவன் என்னைவிட ஓரிரண்டு வயது இளையவன், லைசன்ஸ் எடுத்த சூடு இன்னும் ஆறாதவன். பின் சீட்டில் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு என்று ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். நாவுலப் பக்கம் காணி எழுதப் போகிறவர். கார் உறுமிக்கொண்டிருந்தது. நான் பொனட்டில் கையை ஊன்றி, கட்டையைத் தெருவில் வைத்து, நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நிப்பாட்டு" என்றார். "காலங்காத்தால நொண்டி எதிர்ல வந்திருச்சு. எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

சகுனம் பிழைத்தால் அப்படித்தான் செய்வார்கள். இறங்கிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் புறப்படுவார்கள். அவர் எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். குடிக்கக் குடிக்க யோசனை கூடிவிட்டது போலும். "இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பார்ப்போம்" என்று வீட்டுக்கே போய்விட்டார். நாவுல ஹயர் கைவிட்டுப் போன கோபத்தில் அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான்.

"ஒனக்கு வர வேற நேரமே கெடைக்கலியா?"

நீ நடைபாதையில் நிற்காவிட்டால் நான் ஏன் உனக்கு முன்னால் வரப்போகிறேன் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பதில் எனக்கு மத்தியானச் சோறு சாப்பிடும்போதுதான் வந்தது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் சோற்றோடுதான் வரும். அந்த நேரத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்துவிட்டேன். ஸ்டூடியோவுக்குப் போய், படம் கழுவுகிற இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நொண்டி என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு மனிதர் என்னைப் பார்த்ததற்குப் பரிகாரமாகத் தண்ணீர் குடித்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

பின்னேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குள் ஏதோ பொறி தட்டியது. நான் முன்னால் வந்தால் கார் புறப்படாது. கார் புறப்படாவிட்டால் ஹயர் போய்விடும். ஹயர் போகக்கூடாது என்றால், நான் வந்து முன்னால் நிற்பதற்குள் அவர்கள் காரை எடுத்துவிட வேண்டும். நான் இதுவரை தயவாகக் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒருத்தரும் ஓர் அங்குலம் நகரவில்லை. என் கால் மேல் இரக்கம் இல்லாதவர்களுக்கு என் கால் மேல் பயம் இருந்தது. வேலையில் மனம் நிற்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அன்று ஒரு மணப்பெண்ணின் மூக்கில் வைக்கக்கூடாத இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, சுரண்டி எடுக்கப் பெரும் பாடுபட்டேன்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வரிசையில் முதலில் ஏ ஃபோர்ட்டி நின்றது. அதன் டிரைவர் ஒரு சிங்கள அண்ணன், சாந்தமான மனிதர், கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் அன்றைய முதல் ஹயர் அவருக்கு வரவில்லை. நான் பொனட்டுக்கு நேர் முன்னால் போய், அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

"மொகத நங்கி?" என்றார். என்ன விஷயம் தங்கச்சி என்று கேட்கிறார்.

"நடக்க எடமில்ல அண்ணே. வண்டிய எடுத்தா போயிருவேன். இல்லாட்டி இங்கேயே நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். தெருவில் ஹயருக்கு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, துணியை ஜன்னலுக்குள் எறிந்துவிட்டு ஏறினார். ஏ ஃபோர்ட்டி நடைபாதையை விட்டுத் தெருவில் தொப்பென்று இறங்கியது. அந்தச் சத்தத்தை விட இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்தது மொரிஸ் மைனர். முந்தின நாள் பட்ட சூடு அந்தப் பையனுக்கு நினைவிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இறக்கிவிட்டான். அதற்கடுத்தது கறுப்பு ஃபோர்ட். அதன் சொந்தக்காரர் வயதான முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. "இந்தச் சகுனம் மண்ணாங்கட்டியெல்லாம் எனக்குக் கெடயாது மகள், அல்லாஹ் எழுதினதுதான் நடக்கும்" என்று ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது காரைக் கிளப்ப ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் எப்படிப் போனது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பஸ் ஸ்டாண்ட் முனையில் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒருவர் நிற்பார். இரத்தோட்டை பஸ்ஸைக் கண்டதும் "வருது, வருது" என்று குரல் கொடுப்பார். உடனே தெரு முழுக்க எஞ்சின்கள் எழும்பும். ஒவ்வொரு காராகத் தொப், தொப்பென்று இறங்கும். யாரோ மந்திரி வருகிறார் என்று புதிதாக வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வருவது நான். என் வாழ்க்கையில் எனக்காக ஒருத்தரும் அப்படி அவசரப்பட்டதில்லை. நான் வெறும் கல் பலகை மேல் டக், டக் என்று கட்டையை ஊன்றி, தலையை நிமிர்த்தி நடந்தேன். எட்டரைக்கு முன்னால் மேசையில் இருந்தேன். முதலாளி மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒருத்தியின் முகத்தைக் கண்டு கார்கள் ஓடுகின்றன என்பது பெருமைப்படுகிற விஷயமா? சில காலைகளில் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரி நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் என் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, டவுன் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

அதைக் கெடுத்தது நானாவின் ஃபோர்ட்தான். ஒரு தூறல் நாளில் அது எழும்ப மறுத்துவிட்டது. மற்றக் கார்கள் எல்லாம் இறங்கிப் போய்விட, அது மட்டும் தனியாக நடைபாதையில் நின்றது. நானா வேர்க்க விறுவிறுக்க ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நான் என்னத்தச் செய்ற மகள், இது எழும்புதில்லையே" என்றார். பாவமாக இருந்தது. "நீங்க மெதுவாப் பாருங்க நானா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய பொனட்டைப் பிடித்து இறங்கிப் போனேன். நன்றாக, நேருக்கு நேராக, அவருடைய காருக்கு முன்னால்.

கார் எழும்பியதும் அன்று காலையிலேயே அவருக்கு ஒரு கல்யாண வீட்டு ஹயர் வந்துவிட்டது. நாவுலவில் கல்யாணம், வில்கமுவவில் மாப்பிள்ளை வீடு. எல்லாம் முடியும்வரை அந்தக் கார்தான் வேண்டும் என்று கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பி வந்த நானா, கார் ஸ்டாண்டில் பொனட் மேல் சாய்ந்துகொண்டு கதை சொன்னார். "எல்லாம் அந்தப் புள்ளட முகத்துல முழிச்சதுதான்." சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவர் சொன்ன கதை அது. மொரிஸ் மைனர்க்காரன் அதைக் கேட்டுவிட்டு மறுநாள் வேண்டுமென்றே கடைசிவரை இறங்காமல் நின்றான். அன்று அவனுக்குக் கொழும்பு ஹயர். அதோடு என் கதை முடிந்தது.

அடுத்த நாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். "வருது, வருது" என்று குரல் கேட்டது. எஞ்சின்களும் எழும்பின. ஆனால் ஒரு காரும் இறங்கவில்லை, எல்லாம் ஏறின. தெருவில் நின்ற கார்களும் நடைபாதைக்கு ஏறி, மூக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாரும் சேர்ந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

"அக்கா, இப்புடி ஒரு எட்டு என் வண்டிக்கு முன்னால வந்துட்டுப் போங்க."

"நங்கி, மெஹாட்ட, மெஹாட்ட" என்று ஏ ஃபோர்ட்டி அண்ணன் தன் பக்கம் கூப்பிட்டார்.

"மகள், மொதல்ல ஒங்கட ராசியக் கண்டுபுடிச்சது ஆரு? கொஞ்சம் ரோசிச்சுப் பாருங்க."

முதல் நாள் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேலி பண்ணிக்கொண்டே இறங்கி ஏறி, பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் பிந்தினேன். ஆகாத சகுனமாக இருந்தபோது எனக்கு வழி கிடைத்தது, ராசிக்காரியானதும் வழி அடைபட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை முதலாளி என் மேசைக்கு வந்து, "திங்கக்கெழமை பார்ப்பேன். பிந்தினா நீ வீட்ல இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

நான் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் நேரே கார் ஸ்டாண்டுக்குப் போனேன். கார்கள் எல்லாம் நடைபாதையில்தான் நின்றன, டிரைவர்மார் பொனட்டில் சீட்டுக்கட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மொரிஸ் மைனர்க்காரன் மரியாதையாக எழுந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மரியாதை எண்ணெய் ஊற்றியது.

"நான் முன்னால வந்தா ஆகாதுன்னீங்க. இப்ப வந்தா நல்லதுங்கிறீங்க" என்றேன். "நான் சகுனமும் இல்ல, ராசியும் இல்ல. நான் வேலைக்குப் போற ஒரு ஆளு. ஒங்கள மாதிரி எனக்கும் எட்டு மணிக்கு அவசரம் இருக்கு. ஒங்க வண்டி நடக்கிற பேமென்ட்ல ஏறினா என்னால ஏற ஏலாது. அவ்வளவுதான். திங்கக்கெழமை நான் பிந்தினா எனக்கு வேல போயிரும். அதுக்கப்புறம் இந்த முகத்த நீங்க எங்கயும் பார்க்க மாட்டீங்க."

ஏ ஃபோர்ட்டி அண்ணன் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்தார். அவர்களுக்கு என் வேலை போவது உறுத்தியதா, ராசி போவது உறுத்தியதா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அப்ப நாங்க என்னத்தத்தான் செய்யணும்?" என்று நானா கேட்டார்.

"நாலு சக்கரமும் ரோட்டுல நிக்கணும். நான் பேமென்ட்ல நடந்து வருவேன், ஒங்க எல்லாருக்கும் பக்கத்தாலயும் வருவேன். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் கொறயன்னு கெடயாது. ஆனா ஒரு சக்கரம் மேல ஏறியிருந்தாலும் அந்த வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"ரோட்டுல நிப்பாட்டினா பொலிஸ் வரும் அக்கா" என்றான் மொரிஸ் மைனர்க்காரன்.

"பொலிஸ் வந்தா என்னய முன்னால அனுப்புங்க" என்றேன்.

முதலில் நானாதான் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பஸ் வளைவில் திரும்பும்போதே ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நம்பவே முடியவில்லை. கார்கள் எல்லாம் தெருவோரம் ஒரே வரிசையில், நாலு சக்கரமும் கீழே. டிரைவர்மார் தலை வாரிக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். கார்கள் இறங்கிவிட்டதால் கடைக்காரர்களும் மூட்டைகளை உள்ளே இழுத்திருந்தார்கள், வாசலில் ஆள் வர வசதியாக இருந்திருக்க வேண்டும். நடைபாதை இவ்வளவு அகலமா என்று அன்றுதான் தெரிந்தது. நான் நடந்தேன். இடது கால், கட்டை, வலது கால். ஒரு தடவையும் இறங்கவில்லை, ஒரு தடவையும் ஒன்றையும் பிடிக்கவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது.

பாதி வழியில் ஊதுபத்தி விற்கிற பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கண் பார்வை இல்லாதவர். கைத்தடியால் கார்களைத் தட்டித் தட்டி வழி கண்டுபிடிப்பார், தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஏச்சு வாங்குவார். அன்று அவர் தடியில் ஒன்றும் படவில்லை. என் கட்டைச் சத்தத்தைக் கேட்டு, "என்னாம்மா, இன்னைக்குக் கடையடைப்பா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியவரே, இன்னைக்குத்தான் தொறந்திருக்கு" என்றேன்.

ஸ்டூடியோவுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. முதலாளியே இன்னும் வரவில்லை. நான் கதவில் சாய்ந்து, ஒரு ராணி மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவருடைய சின்ன வெள்ளைக் கார் வந்தது. வந்த வேகத்தில் சந்துச் சரிவில் ஏறி, நடைபாதையில் நாலு சக்கரத்தோடும் உருண்டு, ஸ்டூடியோ வாசலுக்கு நேராக வந்தது. அது தினமும் அங்கேதான் நிற்கும். நான் தினமும் அதன் பம்பரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துதான் வேலைக்குப் போவேன். முதலாளியின் கார் என்பதால் அதை ஒரு தடங்கலாக நான் எண்ணியதே இல்லை.

நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கட்டையை முன்னால் ஊன்றி, அந்த வெள்ளை பொனட்டுக்கு நேரே போய் நின்றேன்.

அவர் ஹோர்ன் அடித்தார். நான் நகரவில்லை. தெருவில் டிரைவர்மார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"என்னா?"

"மொதலாளி, வண்டியக் கீழ எறக்குங்க. இது நடக்கிற எடம்."

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"

"வேணுங்க மொதலாளி. அதுக்குத்தான் நடந்து வர்றேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையைத் திருப்பி மணிக்கட்டில் மணி பார்த்தார். எட்டரைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. காரைப் பின்னுக்கு எடுத்தார். மொரிஸ் மைனர்க்காரன் ஓடி வந்து, "இன்னும், இன்னும், ஸ்டியரிங்க ஒடிங்க" என்று கை காட்டிப் பின்னால் விட்டான். பக்கத்தில் எங்கும் இடம் இல்லை. கார் தெருக்கோடியைத் தாண்டி மார்க்கெட் பக்கம் போய் மறைந்தது.

அவர் நடந்து திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை, வேட்டிக் கரையில் சேறு. கதவைத் திறந்தார். நான் என் மேசையில் போய் உட்கார்ந்து பென்சிலைச் சீவினேன். சீவிச் சீவி ஒரு பென்சில் பாதியாகிவிட்டது. எந்த நேரமும் கூப்பிட்டுக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் ஆட்கள் குறைந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மார்க்கெட்டுக்கிட்ட தேங்காக் கடைக்கு முன்னால ஒரு கை வண்டி நிக்குதே, அது யாருது?"

"தெரியலீங்க மொதலாளி."

"பேமென்ட்ட அடைச்சு நிப்பாட்டியிருக்கான். ரோட்டுல எறங்கினா பஸ்ஸு. சேத்துல கால வச்சிட்டேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையான ஆத்திரம் இருந்தது. "மனுசன் எப்புடித்தான் நடக்கிறது?"

நான் நெகட்டிவைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பிளேன்டீ எடுக்கப் போனார்.